தேய்ஸோவின் மரம் மலை தாண்டியது

ஃபுசாயே ஐம்பத்தெட்டு வயதில் மறுமணம் செய்துகொண்டு கிசோ மலையின் மறுபக்கம் போனபோது, முதல் கணவர் தேய்ஸோ நட்டுவைத்த யமாபோஷி மரமும் பின்னாலேயே நடந்து போனது. அந்த வருஷம் மழை முந்திக்கொண்டதால் வழியெல்லாம் சேறு.

மகள் மிட்சுயோ வயிற்றில் இருந்தபோது தேய்ஸோ அதைக் கன்றாகக் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்தார். அது கிளை பரப்பி வளர்ந்து கூரையைத் தொட்டது. ஒவ்வொரு ஜூன் மாதமும் இலை தெரியாமல் வெள்ளையாகப் பூத்தது. அவர் இறந்ததும் பூப்பதை நிறுத்திவிட்டது. ஃபுசாயே வருஷக்கணக்காக மக்கிய இலையை உரமாகப் போட்டாள், பட்ட கிளைகளைக் கழித்தாள். ஒரு மொட்டுகூட இல்லை.

பேருந்து ஓட்டுநர் கிக்குஜி அவளைப் பெண் கேட்டபோது மிட்சுயோ சொன்னாள்: "அப்பா மரமே துக்கம் காக்குது. உனக்கு என்னம்மா அவசரம்?"

"அது துக்கமோ சலிப்போ, யாருக்குடி தெரியும்?" என்றாள் ஃபுசாயே. ஆனால் அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வழியனுப்ப மகள் வரவில்லை. பேருந்து ஊர் எல்லையைத் தாண்டியதும் ஃபுசாயே திரும்பிப் பார்த்தாள். மரம் வேர்களைக் கிமோனோ விளிம்பைப் போலத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. கிக்குஜி வேகத்தைக் குறைத்தார்.

"சீதனம் பின்னாலயே வருது பாரு," என்றார் பின் இருக்கையில் இருந்த தோஃபு வியாபாரி ஒருவர். "அதுக்கு டிக்கெட் போட்டாச்சா?"

"வெளியிலதானே வருது," என்றார் கிக்குஜி.

கணவாய் ஏற்றத்தில் மரம் பின்தங்கிவிட்டது. கோடை முழுக்க அது மெல்ல ஏறியது. விறகுவெட்டிகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கிக்குஜி வீட்டுத் தோட்டத்தில் வெயில் படும் இடமாகப் பார்த்து அகலமாகக் குழி தோண்டினார். ஃபுசாயே பக்கத்தில் நின்றாள்.

"கோவத்துல வந்தா?"

"வரட்டும். எதுவானாலும் உக்கார எடம் வேணும்ல."

முதல் பனிக்கு முன் மரம் வந்து குழியில் இறங்கியது. அவர்கள் மண் தள்ளி, நீர் ஊற்றி, வைக்கோல் போர்த்தினார்கள். குளிர்காலம் முழுவதும் ஃபுசாயே அதன் பக்கம் அதிகம் பார்க்கவில்லை.

ஜூனில் அது பூத்தது, இலை தெரியாமல். சேதி கேட்டு மிட்சுயோ கணவாய் தாண்டி வந்து மரத்தடியில் வெகுநேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, சாப்பாட்டில் கை வைத்து, கிக்குஜியிடம் முதன்முறையாகப் பேசினாள்.

"முள்ளங்கி ஊறுகாய்ல உப்பே இல்ல. யார் போட்டது?"

"நான்தாம்மா."

"அடுத்த தடவ நான் போட்டு எடுத்துட்டு வர்றேன்."

இலையுதிர்காலத்தில் பழங்கள் சிவந்தபோது, அவள் ஊறுகாய்ப் பானையோடு வந்து இறங்கினாள்.