யார் கொடுத்த புல்

ஆடுகள் ஒன்றன் ரோமத்தை ஒன்று கடித்துத் தின்னத் தொடங்கிய அன்று, உம்சுனை பட்டிக்குள் வெகுநேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விலாவில் திட்டுத் திட்டாகத் தோல் தெரிந்தது. கொழுப்புச் சேர்ந்து தொங்க வேண்டிய வால்கள் வற்றிப்போய்க் காலிப் பைகளைப் போல ஆடின. அவளைக் கண்டதும் எல்லா ஆடுகளும் தலையைத் தூக்கின. கை வெறுமையாக இருப்பது தெரிந்த பிறகும் அவை தலையைத் தாழ்த்தவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வெளியே மலைச்சரிவு முழுக்கப் பனிக்கட்டி. இரண்டு நாள் வெயில் அடித்துப் பனி உருகி, மறுபடியும் குளிர் இறங்கியதில் தரை கண்ணாடியாக இறுகிப்போயிருந்தது. அடியில் புல் இருக்கத்தான் செய்தது. குளம்பால் எவ்வளவு கீறினாலும் எட்டவில்லை. கீறிய ஆடுகளின் கால்களில் ரத்தம் வடிந்ததுதான் மிச்சம்.

இலையுதிர்காலத்திலேயே அவள் கணவன் எசென் சொன்னான். "புல்லு பத்தாது உம்சுனை. பாதி ஆட்டை வித்துடுவோம். வியாபாரி வந்திருக்கான், இப்ப விட்டா அப்புறம் வரமாட்டான்."

அவள் அன்று இரவு முழங்காலிட்டு ஜெபித்தாள். காலையில் எழுந்து, "விக்க வேண்டாங்க. எனக்குள்ள ஒரு சமாதானம் வந்துச்சு. குருவிக்கெல்லாம் இரை கொடுக்கிறவரு நம்ம ஆட்டைப் பட்டினி போட்டுடுவாரா?" என்றாள்.

அவன் வியாபாரியைத் திருப்பி அனுப்பினான். அந்தச் சமாதானத்தை இப்போது அவள் திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்தாள். எங்கிருந்து வந்தது அது? யார் கொடுத்தது?

முஸ்லிம்கள் வாழும் கோக்-பெல் கிராமத்தில் கிறிஸ்துவை நம்பிய வீடு அவர்களுடையது ஒன்றுதான். முதலில் நம்பியவன் எசென். அதற்கு முன் அவன் பெருங்குடிகாரன். நரின் நகரத்துக்குக் கூலிவேலைக்குப் போன இடத்தில், குடித்துவிட்டுச் சாக்கடையோரம் விறைத்துக் கிடந்தவனைக் கிறிஸ்தவச் சபைக்காரர்கள் சிலர் தூக்கிக்கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். வீடு திரும்பியபோது அவனிடம் சாராய வாடையே இல்லை. அவனுடைய அண்ணன் மம்பெத் அழுதேவிட்டார். காரணம் தெரிந்த பிறகு, தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்து, "இதுக்கு நீ குடிச்சே செத்திருக்கலாமேடா" என்றார்.

அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் அறுந்தது. கல்யாணத்துக்கு அழைப்பு இல்லை, சாவுக்குச் சேதி இல்லை. போன கோடையில், பங்காளிகள் சேர்ந்து டிராக்டரில் புல் அறுக்கும்போது இவர்களுடைய புல்வெளியை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். புருஷனும் பெண்டாட்டியும் அரிவாளால் அறுத்தார்கள். அறுத்துப் போட்டது காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாதி கறுத்து மக்கிப்போயிற்று.

புல் தீரும் சமயத்தில் மம்பெத் குதிரையில் வந்தார். இறங்கவில்லை. வேலிக்கு வெளியே நின்றபடியே பட்டியை ஒரு நோட்டம் விட்டார்.

"என்ன பொண்ணே, நீங்க நம்புற ஈசா இன்னும் புல்லு வண்டி பூட்டலையா?"

"பூட்டுவாரு மச்சான்" என்றாள் உம்சுனை.

"சீக்கிரம் பூட்டச் சொல்லு. ஆடெல்லாம் செத்த பிறகு வந்தா, அந்தப் புல்லைத் தலைக்கு வெச்சுப் படுக்கத்தான் ஆகும்."

எசென் வெளியே வந்தான். தம்பியைக் கண்டதும் மம்பெத்தின் குரல் மாறியது. குதிரையிலிருந்து இறங்கி, கடிவாளத்தைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"எசென், என் வீட்டுக்குப் பின்னாடி போரு போரா புல்லு கெடக்கு. எனக்குத் தூக்கம் வருதுன்னு நெனைக்கிறியா? உங்களுக்கு யாரும் எதுவும் கொடுக்கக் கூடாதுன்னு ஜமாத்து சொல்லிடுச்சு. நான் மீறினா நாளைக்கு என்னையும் ஒதுக்கிடுவாங்க. எனக்கும் கட்டிக்கொடுக்க வேண்டிய பொண்ணுங்க இருக்கு. நீ வெள்ளிக்கிழமை வா. இமாம் முன்னாடி உக்காந்து கலிமாவைச் சொல்லு. நம்ம அப்பன் சொன்ன வார்த்தை, நீ சின்ன வயசுல சொன்ன வார்த்தை. சாயங்காலமே வண்டி வண்டியா கொண்டாந்து கொட்டுறேன்."

எசென் உம்சுனையைத் திரும்பிப் பார்த்தான்.

"கர்த்தர் அவ்வளவு தூரம் விடமாட்டாரு மச்சான்" என்றாள் அவள்.

"நான் உன்னைக் கேக்கல பொண்ணே" என்றார் மம்பெத். தம்பியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குதிரையேறிப் போனார்.

மறுநாள் உம்சுனை கைப்பேசியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். நரினில் இருக்கும் போதகர் தாலாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சகோதரி, அழாதீங்க. நாங்க இன்னிக்கே புல்லு சேகரிக்கிறோம். லாரி அனுப்புறோம்" என்றார்.

அவள் பனியில் சறுக்கிச் சறுக்கி ஓடிவந்து எசெனிடம் சொன்னாள். அன்று இரவு அவர்கள் மூவரும் சேர்ந்து பாடினார்கள். ஐந்து வயது மகள் மீரிம், "ஆண்டவரே, லாரி வந்ததும் நம்ம சிவப்பு மாட்டுக்கு முதல்ல கொடுங்க" என்று ஜெபித்தாள். எசென்கூடச் சிரித்துவிட்டான்.

லாரி கிளம்பியது உண்மை. நரினுக்கும் ஊருக்கும் நடுவிலிருந்த கணவாயின் அடிவாரம்வரை வந்ததும் உண்மை. அதற்குச் சற்று முன்னால்தான் மேலிருந்து பனி சரிந்து பாதையை மூடியிருந்தது. ஓட்டுநர் இரண்டு நாள் அங்கேயே காத்திருந்து பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். இதைப் போதகர் சொன்னபோது மேட்டில் காற்று வீசியது. "சகோதரி, இருக்கீங்களா? லைன்ல இருக்கீங்களா?" என்று அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

திரும்பி வரும் வழியில் நடு வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மலைக்கு அந்தப் பக்கம்வரைக்கும் கொண்டு வந்தீங்களே. இந்தப் பக்கம் கொண்டுவர உங்களால ஆகாதா? இல்ல, நாங்க பாத்து ஏங்கட்டும்னுதான் அனுப்பினீங்களா?" ஆண்டவரிடம் வாய்விட்டுக் கேட்டாள். அப்படிப் பேசியதற்காகப் பயந்தாள். பயந்த பிறகும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

ஆடுகள் சாகத் தொடங்கின. சினை ஆடுகள் குட்டிகளைக் காலம் வருமுன்பே ஈன்று போட்டன. எசென் காலையில் செத்தவற்றை இழுத்துக்கொண்டுபோய் வேலிக்கு அப்பால் போடுவான், தோல் உரிக்கவும் கை வரவில்லை அவனுக்கு. ஒருநாள் சிவப்பு மாடு படுத்தது. கழுத்தடியில் எசெனும் வாலடியில் உம்சுனையுமாகத் தூக்கி நிறுத்தினார்கள். படுத்தது. தங்கள் மெத்தையைப் பிரித்து உள்ளே இருந்த வைக்கோலைக்கூட வாயில் வைத்தார்கள். மென்றது, விழுங்கவில்லை. பொழுது சாயும்போது போய்விட்டது.

அன்று இரவு காய்ந்த ரொட்டியும் பாலில்லாத தேநீரும்தான். உம்சுனை கண்ணை மூடி ஜெபம் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தாள். மீரிம் கைகூப்பவில்லை. ரொட்டியை ஏற்கனவே தின்றுகொண்டிருந்தாள்.

"மீரிம், ஜெபம் பண்ணாம சாப்பிடலாமா?"

"எதுக்கும்மா?" என்று கேட்டது குழந்தை. குறும்பாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டது.

எசென் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பட்டிக்குப் போய்விட்டான்.

காலையில் உம்சுனை விழித்தபோது அவன் இல்லை. குதிரையும் இல்லை. அன்று வெள்ளிக்கிழமை என்பது அவளுக்கு நினைவு வந்தது. பானையைத் தேய்த்தாள், சாணி வறட்டியை உடைத்து அடுப்பில் போட்டாள், தேய்த்த பானையையே மறுபடியும் தேய்த்தாள். மேடேறிப் பார்க்கலாம் என்று பூட்ஸை மாட்டினாள், கழற்றினாள். பள்ளிவாசலுக்குப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம். இழுத்துவந்து ஆடுகளுக்கு என்னத்தைப் போடுவது?

பொழுது சாயுமுன் குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டி வந்தது. ஆள் உயரத்துக்கு மேல் புல். உலர்ந்த, பச்சை மாறாத, மலைப்பூ வாசனை அடிக்கும் புல். பட்டிக்குள் ஆடுகள் கத்திய கத்தலில் மீரிம் காதைப் பொத்திக்கொண்டாள்.

எசென் வண்டியிலிருந்து இறங்கினான். அவளைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்த்தான்.

"மச்சான் கொடுத்தாரா?"

"ம்."

"சொல்லிட்டீங்களா?"

அவன் கயிற்று முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தான். விரல்கள் விறைத்திருந்தன. "சொன்னேன்" என்றான். பிறகு திரும்பி, "எல்லாரும் கட்டிப்புடிச்சு அழுதாங்க. இமாம் என் நெத்தியில முத்தம் கொடுத்தாரு. எனக்குச் சாப்பாடு போட்டாங்க, நான் தின்னேன். போதுமா? இன்னும் ஏதாவது கேக்கணுமா?"

"நான் ஒண்ணும் கேக்கல."

"உன் ஆண்டவர் கொடுக்கல உம்சுனை. நான் என் வாயை வித்து வாங்கினேன்." அவன் கயிற்றைக் கீழே போட்டான். "சாக்கடையிலேர்ந்து என்னைத் தூக்கினவரு அவரு. அவரைத்தான் நான் இல்லேன்னு சொன்னேன். சொல்லும்போது சின்னப் புள்ளையில எங்கப்பன் மடியில உக்காந்து சொன்னது ஞாபகம் வந்துச்சு, நல்லாக்கூட இருந்துச்சு. அதான் பெரிய பாவம்."

அவள் வாய் திறக்குமுன் பின்பக்கம் மரம் முறியும் சத்தம். ஆடுகள் பட்டிக் கதவை முட்டித் தள்ளிவிட்டன. பட்டினி கிடந்த ஆட்டை ஒரேயடியாகத் தின்னவிட்டால் வயிறு வீங்கிச் செத்துவிடும். எசென் தடியை எடுத்துக்கொண்டு அவற்றை விரட்ட ஓடினான். வண்டிமேல் யாராவது ஏறிப் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட வேண்டும். உம்சுனைதான் ஏறினாள்.

முதல் கைப்பிடியை எடுத்தபோது அவளுக்கு ஸ்தோத்திரம் சொல்ல வாய் வந்தது, பழக்கதோஷம். பாதியில் நிறுத்திக்கொண்டாள். யாருக்குச் சொல்வது? சொல்லாமல் இருப்பதா? ஆடுகள் கீழே வாய் பிளந்து நின்றன. அவள் அள்ளி அள்ளிப் போட்டாள், கண்ணீர் மூக்குநுனியில் உறைந்தது.

மம்பெத் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த நாளும் வண்டி வந்தது. அவரோடு அவர் மனைவி பீபிசாரா ஒரு பால் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"குழந்தைக்குப் பால் வேணும்ல" என்றாள். பிறகு உம்சுனையைச் சுவரோரம் ஒதுக்கிக்கொண்டுபோய், "நீ வந்து கலிமா சொல்ல வேண்டாம். நான் உன் மச்சான்கிட்ட பேசிட்டேன். ஊருக்கு ஒரு வாய் போதும். நீ வீட்டுக்குள்ள உன் இஷ்டப்படி இரு, சத்தமாப் பாடாதே, அவ்வளவுதான்" என்றாள்.

"அக்கா, இதை முதல்லயே கொடுத்திருந்தா?"

பீபிசாரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கொடுத்திருக்கணும்" என்றாள் மெல்ல. "எல்லாருக்கும் பயம்டி. உங்களுக்கு மட்டும்தான் பயமில்லை. அதுதான் எங்களுக்கு எரிச்சலே."

இப்போது எங்களுக்கும் பயம் வந்துவிட்டது என்று சொல்ல நினைத்தாள் உம்சுனை. சொல்லவில்லை. மாட்டின் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

ஆடுகளில் பாதிக்கும் குறைவாகத்தான் தேறின. எசென் வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலுக்குப் போய்வந்தான். வீட்டில் அவள் சாப்பாட்டு ஜெபம் சொல்லத் தொடங்கினால் எழுந்து வெளியே போவான், முடித்த பிறகு வந்து உட்காருவான். அவன் மறுபடி குடிக்கத் தொடங்கிவிடுவானோ என்று அவள் பயந்தாள். அவன் குடிக்கவில்லை. பேசவுமில்லை.

வசந்தத்தில் கணவாய் திறந்ததும் முதல் வண்டியிலேயே போதகர் தாலாயும் சபைக்காரர்களும் வந்துவிட்டார்கள். கோதுமை மாவு, எண்ணெய், மீரிமுக்கு ஒரு கோட்டு. எல்லோரும் உம்சுனையைச் சுற்றி நின்று கண்ணீர் விட்டார்கள். பட்டியில் உயிரோடு நின்ற ஆடுகளைக் கண்டதும் போதகரின் முகம் மலர்ந்தது.

"எப்படி சகோதரி? எங்க லாரி திரும்பிப் போயிடுச்சே, அப்புறம் கர்த்தர் எப்படி நடத்தினாரு?"

"புல்லு வந்துச்சு" என்றாள் உம்சுனை.

"யாரு கொடுத்தாங்க?"

"அவரோட அண்ணன்."

"அந்த மம்பெத்தா! உங்களை ஒதுக்கி வெச்சவரா!" போதகர் கைகளை உயர்த்தினார். "பாத்தீங்களா? பகைக்கிறவங்க கையாலேயே ஊட்டியிருக்காரு! ஞாயித்துக்கிழமை சபையில வந்து இந்தச் சாட்சியை நீங்களே சொல்லணும்!" எல்லோரும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றார்கள். நல்ல மனிதர்கள். தங்கள் வாயைக் கட்டி இந்த மாவைச் சேர்த்தவர்கள். யாருடைய முகத்தையும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"சகோதரர் எசென் எங்கே?"

"ஆடு மேய்க்கப் போயிருக்காரு. தேநீர் குடிங்க, வந்துடுறேன்."

அவன் மேல்சரிவில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தான். முற்றத்தில் நின்ற வண்டி அங்கிருந்து நன்றாகத் தெரியும். அவள் மூச்சு வாங்க ஏறிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னே?" என்று கேட்டான்.

"புல்லு வந்துச்சுன்னு."

"என்னைப் பத்தி?"

"சொல்லல. நீங்கதான் சொல்லணும். இல்லேன்னா யாரும் சொல்ல வேண்டாம்."

அவன் ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கையில் உருட்டினான். "அவங்க முகத்துல முழிக்க முடியாது."

"எனக்கும்தான் முடியல. வித்துடலாம்னு நீங்க சொன்னீங்க, நான்தான் வேண்டாம்னேன். அந்த வாய்தான் உங்களை அங்க அனுப்புச்சு."

அவன் கூழாங்கல்லைச் சரிவில் உருட்டிவிட்டான். கீழே சபைக்காரர்கள் பாடத் தொடங்கியது மெல்லக் கேட்டது. அவர்களிடம் சத்தமாகப் பாட வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டாள்.

"நீ இன்னும் நம்புறியா உம்சுனை?"

"தெரியலங்க. ராத்திரியெல்லாம் சண்டைதான் போடுறேன். ஏன் இப்படிப் பண்ணினீங்கன்னு. பதிலே இல்ல. ஆனா சண்டை போடவும் எனக்கு வேற ஆளு இல்ல."

எசென் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அவள் அவனைத் தொடவில்லை, எழுந்து போகவும் இல்லை. பாட்டு முடிந்து, வீட்டு வாசலில் போதகர் வெளியே வந்து, கண்ணுக்கு மேல் கைவைத்து மலையைப் பார்ப்பது தெரிந்தது. அவர் அவர்களைக் கண்டுகொண்டு கையசைத்தார். இருவரில் யாரும் திருப்பிக் கையசைக்கவில்லை. போதகர் தயங்கி நின்றுவிட்டு, கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, மெல்லச் சரிவில் ஏறத் தொடங்கினார்.