முன்னாள் மருமகளின் உலை

ஊரில் அவளுக்குப் பெயர் காந்தம்மா. பழைய கணினி, ஏ.சி. மோட்டார், தூக்கி எறிந்த ஸ்பீக்கர், எது கையில் சிக்கினாலும் வயிற்றைக் கிழித்து உள்ளேயிருக்கும் காந்தத்தை உருவிவிடுவாள். அதிலிருந்து அரிய மண் உலோகங்களைப் பிரித்துப் புதுக் காந்தம் செய்யும் தொழிற்சாலை அதை வாங்கிக்கொள்ளும். கிடங்கு அவளுடையது, லாரி ஓட்டுவது மகன்.

ஒரு நாள் தொழிற்சாலையின் கொள்முதல் அதிகாரி கிடங்குக்கே வந்துவிட்டார்.

"அரிய மண்ணு எடுக்கற சுரங்கத்துல தோண்டறதக் குறைக்கச் சொல்லிட்டாங்கம்மா. அங்க ஆசிட் தண்ணி கிணத்துல இறங்கி ஜனங்க வீட்டக் காலி பண்ணிட்டாங்க. எங்ககிட்ட காந்தம் வாங்கறவங்க, மண்ணு எங்கேருந்து வந்துச்சுன்னு துளைச்சு எடுக்கறாங்க. நீங்க நெறைய தர முடியுமா?"

"முடியும்" என்று காந்தம்மா சட்டென்று சொல்லிவிட்டாள். அவர் போன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கணினியிலிருந்து வருவதெல்லாம் கைப்பிடி கைப்பிடியாகத்தான் சேரும்.

நல்ல வேளையாக, ஒரு மருத்துவமனை பழைய ஸ்கேன் இயந்திரத்தைக் கழித்துக் கட்டியது. மின்சாரமே இல்லாமல் சதா இரும்பை இழுத்துக்கொண்டிருக்கும் வகை அது. உள்ளே கதவு அகலத்துக்கு இரண்டு காந்தத் தட்டுகள். வாங்கிவந்து இறக்கிய அன்றே, மகன் கடப்பாரையோடு கிட்டே போனான். அது அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்து தட்டில் அறைந்தது. விரல்கள் மயிரிழையில் தப்பின.

"இது வேலைக்கு ஆகாதும்மா. தூக்கிப் போட்டுடலாம்," என்றான், முகம் வெளிறி.

நன்றாகச் சூடேற்றினால் இழுவை செத்துவிடும், உலோகம் அப்படியே இருக்கும். ஆனால் அவ்வளவு பெரிய உலை ஒரே இடத்தில்தான் இருந்தது: லாரி வில் பட்டைகளைப் பதம் போடும் சம்பந்தியின் பட்டறையில். பழைய சம்பந்தி என்று சொல்ல வேண்டும். அப்பாவின் உலையில் வேலை செய்துவிட்டுக் கரி அப்பிய கையோடு பெண்டாட்டி தன் வீட்டுக்குள் வரக் கூடாது என்று மகன் பிடிவாதம் பிடித்தான். காந்தம்மாவும் அவனுக்கே ஒத்து ஊதினாள். மருமகள் பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்பாவின் உலைக்கே திரும்பிவிட்டாள். விவாகரத்தும் ஆகிவிட்டது. இப்போது பட்டறையே அவள் கையில்.

மானத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் காந்தம்மா அங்கே போனாள்.

"வாங்க அத்தை," என்றாள் மருமகள், கையுறையைக் கழற்றியபடி.

காந்தம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னும் அத்தையா?"

"வேற எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல. உக்காருங்க, விஷயத்தச் சொல்லுங்க."

கேட்டு முடித்ததும் மருமகள் யோசித்தாள். "செய்யலாம். ஆனா அவரு இங்க வரக் கூடாது. லாரிய வேற யாராவது ஓட்டட்டும். அப்புறம், காந்தக் கட்டிகள ஒட்டியிருக்கற பசை எரிஞ்சா நாத்தப் புகை கக்கும். புகைபோக்கிக்கு நீங்க வடிகட்டி போட்டுத் தரணும். கிணத்தக் கெடுத்தான்னு சுரங்கக்காரன வையறோம். நாம மட்டும் பக்கத்து வீட்டுக் காத்தக் கெடுக்கலாமா?"

காந்தம்மா இரண்டுக்கும் தலையாட்டினாள். வடிகட்டி செய்துவர நாளாயிற்று. தொழிற்சாலையிலிருந்து போன் மேல் போன். "வெட்டவெளியில வச்சுக் கொளுத்திடலாம்மா, யாரு பாக்கப் போறா?" என்று மகன் அரித்தெடுத்தான்.

"பக்கத்து வீட்டுக்காரி பார்ப்பா. வாய மூடிட்டு இரு."

வாடகை ஓட்டுநர் ஒருவர் கனத்த மரப் பலகைகளுக்கு நடுவே தட்டுகளைக் கட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மருமகள் சூட்டை அவசரப்படாமல் ஏற்றினாள். ஆறிய பிறகு கதவைத் திறந்து ஆணி ஒன்றை நீட்டினாள். ஓரத்தில் ஒட்டவில்லை. நடுவில் பச்சென்று ஒட்டிக்கொண்டது.

காந்தம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று.

"உள்ள சூடு போய்ச் சேரல. எனக்கும் இது புதுசுதானே," என்று மருமகள் மறுபடி கதவை மூடினாள். இந்த முறை இன்னும் நிறைய நேரம் விட்டாள். காத்திருக்கும்போது இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். காந்தம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பழசு வேண்டாம் அத்தை. எனக்கு இந்த இடம் புடிச்சிருக்கு. நல்லா இருக்கேன்."

காந்தம்மா தேநீரைக் குடித்து முடித்தாள்.

இரண்டாம் முறை ஆணி எங்கேயும் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. தட்டிலிருந்த காந்தக் கட்டிகளைச் சுத்தியலால் தட்டி எடுத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். அங்கே பரிசோதித்துவிட்டு, புதுக் காந்தத்தில் கலக்கத் தோதாக இருக்கிறது என்றார்கள். வேறு மருத்துவமனைகளின் இயந்திரங்களும் வந்தால் எடுத்துக்கொள்வதாக அதிகாரி சொன்னார். காந்தத்துக்கென்றே தனி உலை ஒன்று கட்ட மருமகள் இடம் பார்க்கத் தொடங்கினாள்.

"அடுத்த தடவை நானே ஓட்டிட்டுப் போகட்டுமா?" என்று மகன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"வேண்டாம்டா. அவ வர வேணாம்னுட்டா. அது அவ பட்டறை."

அவன் அந்த வாடகை ஓட்டுநரின் எண்ணைத் தானே தேடி எடுத்து அம்மாவிடம் கொடுத்தான்.