பதில் மணி

இன்றைக்கு விழுந்தால் நைனா எழுந்திருக்க மாட்டார். எழுந்திருக்காவிட்டால் நான் அழுவேன். அழுது முடித்ததும் தூங்குவேன். நன்றாகத் தூங்குவேன்.

நினைத்த மாத்திரத்தில் மோகனப்ரியா தலையைக் குனிந்துகொண்டு, கையிலிருந்த துணியால் பித்தளைக் குமிழை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். நினைப்பது முகத்தில் தெரிந்துவிடும் என்ற பயம் அவளுக்குச் சமீபத்தில்தான் வந்திருந்தது. எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து கைவிளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ரத்னம்மா நிமிரவில்லை.

"அவ்ளோ தேய்க்காதடி, பித்தளை தேஞ்சிடப் போவுது. உங்க நைனா எங்க?"

"சேர்ல."

"உக்காந்துட்டாரா? அப்ப பூகம்பம் வந்தாலும் நகர மாட்டாரு."

அது உண்மைதான். அந்த ஒரு உண்மைக்காகத்தான் அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்தாள்.

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையை ஒட்டி, மீட்டர் கேஜ் பாதையோடு சேர்த்துக் கைவிடப்பட்ட சின்ன ஸ்டேஷன் அது. ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள் சிலரும் ரத்னம்மா போன்ற ரயில் பைத்தியங்கள் சிலரும் சங்கம் வைத்து, கூரையை மாற்றி, சுண்ணாம்பு அடித்து, மியூசியம் ஆக்கியிருந்தார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. காலையில் வந்து பெருக்குவார்கள், துருவைச் சுரண்டுவார்கள், எண்ணெய் போடுவார்கள். பதினொரு மணிக்குமேல் மலையிலிருந்து திரும்பும் கார்கள் மொட்டைத் தலைகளோடும் சந்தன வாசனையோடும் வந்து நிற்கும். ஜனங்கள் லட்டைப் பிட்டுத் தின்றுகொண்டே சுற்றிப் பார்ப்பார்கள்.

அவர்கள் பார்க்க விரும்பியது இரண்டு சிவப்பு இரும்புப் பெட்டிகளை. ஒன்று ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் இருந்தது. இன்னொன்று பிளாட்பாரத்தின் கடைசியில், இப்போது மோகனா உட்கார்ந்திருந்த கூட்ஸ் ஷெட்டில். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாமல் காத்த பெட்டிகள் அவை. சங்கத்திலேயே வயதில் சிறியவனான சலீம், எலக்ட்ரீஷியன், கம்பி இழுத்து இரண்டையும் இணைத்திருந்தான். இங்கே குமிழை அமுக்கினால் அங்கே மணி அடிக்கும். ஓர் அடி என்றால், கவனி. இரண்டு என்றால், பாதை காலியா என்ற கேள்வி. மூன்று, வண்டி புறப்பட்டது. நான்கு, வண்டி வந்து சேர்ந்தது. ஆறு என்றால் ஆபத்து, எல்லாவற்றையும் நிறுத்து. கேட்ட ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன் அதே கணக்கில் திருப்பி அடித்தால் சம்மதம். சம்மதமில்லை என்று சொல்வதற்கு மட்டும் கணக்கே கிடையாது. பதில் அடிக்காமல் இருந்தால் போதும்.

அவளுடைய நைனா பாலசுப்பிரமணியன் வேலைக்காலம் முழுவதும் இப்படிப்பட்ட சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் மாஸ்டராக இருந்தவர். இப்போது அவருக்கு மகள் யாரென்று தெரியாது. வீட்டில் தோசையைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைப்பார். திருட வந்தவளென்று அவள்மேல் கையோங்குவார். சில நாள் ஓங்கியதோடு நிறுத்தமாட்டார். பெங்களூரில் இருக்கும் தம்பி போனில் மட்டும் வருத்தப்படுவான். வாரத்தில் ஆறு நாள் கிரானைட் கம்பெனியில் கணக்குப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவரைப் பற்றிய புகார்களைக் கேட்டுக்கொண்டு, பிறகு அவள் அவரோடு தனியாக இருக்க வேண்டும். ஆனால் இந்தச் சிவப்புப் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தால் அவர் சாந்தமாகிவிடுவார். முதுகு நிமிரும். கைகள் நடுங்குவதை நிறுத்தும். அந்தச் சில மணி நேரம் அவள் யாருடைய மகளும் இல்லை. பித்தளை தேய்ப்பாள். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த ஓய்வு.

ஒருநாள் டீ குடிக்கும்போது அவள்தான் சொன்னாள், வீட்டிலும் டம்ளரில் கரண்டியால் தட்டித்தான் அவரைச் சாப்பிடவைப்பதாக. ஒன்று தட்டினால் நிமிர்வார். நான்கு தட்டினால், வண்டி வந்து சேர்ந்துவிட்டதென்று போய்ப் படுத்துக்கொள்வார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சங்கத்தின் செயலாளர் நாகபூஷணம் மட்டும் சிரிக்காமல் யோசித்தார்.

அடுத்த ஞாயிறே நைனாவுக்கு வெள்ளை உடுப்பும் தொப்பியும் வந்துவிட்டன. கூட்ஸ் ஷெட்டிலிருந்து மோகனா அடிக்க வேண்டும். அங்கே நைனா பதில் அடித்து, பச்சைக்கொடியை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு வந்து வண்டிக்காகக் காத்து நிற்பார். வண்டி வராது. ஜனங்கள் படம் எடுப்பார்கள். "நிஜமாவே நம்பிக்கினு கீறாருடி," என்று ஒருவன் தன் மனைவியிடம் சொன்னது மோகனாவின் காதில் விழுந்தது. பிறகு அவள் நான்கு அடிப்பாள். அவர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். இதில் யாருக்கும் அடிபடவில்லை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அவரும் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்.

போன ஞாயிறு நாகபூஷணம் அவளை டீ வாங்க அனுப்பிவிட்டு, தானே கூட்ஸ் ஷெட்டுக்குப் போய் ஆறு அடித்தார்.

அவள் பிளாஸ்க்கோடு திரும்பியபோது நைனா ஓடிக்கொண்டிருந்தார். அவரால் ஓட முடியும் என்பதே அவளுக்குத் தெரியாது. சிவப்புக்கொடியை இரண்டு கைகளாலும் வீசிக்கொண்டு, பிளாட்பாரச் சரிவில் இறங்கி, காட்சிக்காகப் போட்டிருந்த துண்டுத் தண்டவாளத்தின் நடுவில் போய் நின்றார். "நிறுத்து, நிறுத்துடா!" என்று ஒன்றுமில்லாத வெயிலைப் பார்த்துக் கத்தினார். கால் தடுக்கி ஜல்லியில் முட்டி போட்டு விழுந்தார். வெள்ளைக் கால்சட்டையில் சிவப்பு பரவியது, பிறகு மஞ்சளாக இன்னொரு ஈரம் பரவியது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். உடனே எல்லோரும் கைதட்டினார்கள்.

ரத்னம்மா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்தாள். அவருக்கு என்று மோகனா நினைத்தாள். ரத்னம்மா அதைத் தண்டவாளத்தில் கொட்டினாள். "நாத்தம் வரும்டி, இன்னும் ஜனம் வரணும்."

அந்த ரீலை சலீம் போட்டான். திருப்பதியில் வேலை செய்கிற தெரிந்தவர்களெல்லாம் அவளுக்கே அனுப்பினார்கள், சிரிக்கும் முகங்களோடு. அது அவளுடைய அப்பா என்று அவர்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து நைனா ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "எத்தினி பேரும்மா?" சாதத்தைப் பிசைந்தபடி கேட்பார். பாத்ரூம் வாசலில் நின்று கேட்பார். எத்தனை பேர் செத்தார்கள் என்று.

"யாரும் இல்ல நைனா. ஒண்ணும் ஆகல."

"பொய் சொல்லாத. நா போறதுக்குள்ள ஆய்டுச்சி. எத்தினி பேரு?"

வியாழக்கிழமை ஆபீஸிலிருந்து தலைவலியோடு வந்து, செருப்பைக் கழற்றும் முன்னே மறுபடி அதே கேள்வி. "நாலு பேரு," என்றாள். வேண்டுமென்றே சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவைத்தார். கை கழுவிக்கொண்டு வந்து, சத்தமில்லாமல் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலை பார்க்கிற மனிதரின் குரலில் கேட்டார்: "பேரு இன்னா? வீட்டுக்கு சொல்லி அனுப்பணும்ல?"

அவள் அவருடைய தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

"மோகனா, ஒக்க நிமிஷம்மா." இப்போது கூட்ஸ் ஷெட் வாசலில் நாகபூஷணம் நின்றிருந்தார். புதுச் சட்டை, நெற்றியில் நாமம். "இன்னும் அரை மணில ரயில்வே ஆபீசர் வந்துடுவாரு. ஃபேமிலியோட. ரீல் பாத்துட்டாரு. நேத்து போன்ல மொதல் கேள்வியே அதான். 'அந்தப் பெரியவர் ஐட்டம் உண்டா?'"

"மூணு அடிக்கிறேன் சார். கொடி புடிச்சிக்கினு நிப்பாரு."

"மூணு அவுரு பாத்து என்னா பண்ணுவாரு? ஆறு கேக்கறாரு."

"முட்டிப் புண்ணு இன்னும் காயல சார்."

"பேண்ட் போட்டா தெரியாதும்மா."

"புண்ணு தெரியாதுதான்," என்றாள் ரத்னம்மா விளக்கைப் பார்த்தபடி. "இவரு மாதிரி ஆக்டர் யாருக்குக் கிடைப்பான் சார்? சினிமாக்காரன் பாத்தா தூக்கிக்கினு பூடுவான். அப்புறம் இவளுக்குத்தான் நிம்மதி."

ரத்னம்மா அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். சற்று முன் தான் நினைத்ததை இவள் எப்படிப் படித்தாள் என்று மோகனா மறுபடி குமிழைத் தேய்க்கக் குனிந்தாள்.

நாகபூஷணம் குரலைத் தாழ்த்தினார். "ரயில்வே யார்டுல ஒரு மீட்டர் கேஜ் கோச் துரு புடிச்சிக்கினு கீது. அவுரு ஒரு கையெழுத்து போட்டா நம்ம லைன் மேல வந்து நிக்கும். எத்தினி வருசமா அலையறேன், உனுக்குத் தெரியாதா? அந்த ஓரத்துல பாய் போட்டு வெக்கறேன். விழுந்தாலும் அடிபடாது. ஒக்க சாரி. ஒரே ஒரு தடவ."

"நீங்களே அடிச்சிடுங்க சார், போன வாரம் மாதிரி."

"நா ஆபீசர் பக்கத்துல நிக்க வாணாவா? ரத்னம்மா கேட்டுல ஆரத்தியோட நிப்பாங்க. சலீமு படம் புடிக்கணும். நீ இங்க சும்மாதானே கீற?" அவர் ஓரடி உள்ளே வந்தார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. இது மியூசியம், ஆஸ்பத்திரி இல்ல. வாரம் வாரம் அவுர இங்க உட்டுட்டு நீ நிம்மதியா இருக்கற. எவனாவது ஒரு வார்த்த கேட்டானா? சேரு நம்ம சேருதான். நாளைக்கும் இருக்கணும்ல?"

அவர் போன பிறகு ரத்னம்மாவும் விளக்கை மாட்டிவிட்டு எழுந்தாள். "அடிச்சிடு. அவருக்கா தெரியப்போவுது," என்றாள், ஏறக்குறைய அன்பாக.

மோகனா பெட்டிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்தாள். அவருக்குத் தெரியப்போவதில்லை என்பதை அவள் வெகுநாளாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். தெரியாதவர் ஏன் பெயர் கேட்டார்? மகளின் பெயரை மறந்தவருக்கு, முன்பின் தெரியாத நான்கு பேரின் பெயர் எதற்கு? அவள் பொய்யாகக் கொன்ற நால்வருக்காக அவர் உண்மையாக அழுதார். இன்றைக்கு ஆறு அடித்தால் இந்த வாரமும் கேட்பார். ஏதாவது ஒருநாள் அவள் பத்து என்பாள், ஐம்பது என்பாள். தன்னால் அது முடியும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அடிக்காவிட்டால் நாற்காலி போய்விடும். ஞாயிறும் மற்ற நாட்களைப் போலாகிவிடும். கதவைச் சாத்திய வீடு, தலையணை உறை, ஓங்கிய கை.

கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. பெண்களின் குரல், ஒரு குழந்தையின் குரல். போன் அடித்தது.

"ரெடிம்மா," நாகபூஷணத்தின் குரல் அடக்கமாக வந்தது. "எல்லாரும் ரூம்ல கீறோம். மொதல்ல ஒண்ணு அடி, உங்க நைனா பதில் குடுப்பாரு. அப்புறம் ஆறு."

அவள் போனை அணைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். குமிழ் அவள் தேய்த்த தேய்ப்பில் பளபளத்தது. அதில் அவள் முகம் சின்னதாக, மூக்கு பெரிதாகத் தெரிந்தது. கையை எடுத்து அதன்மேல் வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"ஹலோ? மோகனா? கேக்குதா?"

காமிராவோடு சலீம் ஷெட் வாசலில் எட்டிப்பார்த்தான். "அக்கா, ஒயர் கட்டா? அடிக்கவேல்லியே."

"ஒயர் நல்லாதான் இருக்கு சலீம்."

"அப்ப நா அடிக்கவா? ஆறுதானே?"

"வேணாம்பா."

அவள் சொன்ன விதத்தில் அவன் ஓரடி பின்வாங்கினான். குமிழை மறைத்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தள்ளிவிட்டுத்தான் அதைத் தொட முடியும். அவன் காமிராவை இறக்கிக்கொண்டு அங்கேயே நின்றான்.

திடீரென்று அவளுக்கு முன்னாலிருந்த மணி அடித்தது. ஒரே அடி, முரட்டு அடி. அது நாகபூஷணத்தின் கை. கவனி என்று அவளை அவசரப்படுத்துகிறார். மறுபடி ஓர் அடி. மறுபடியும். அவள் பதில் அடிக்கவில்லை.

மடியில் போன் வழியாக ஆபீசரின் குரல் சிரித்துக்கொண்டே எதையோ கேட்டது. அதற்கு நைனா பதில் சொன்னார். தெளிவாக, கொஞ்சம் எரிச்சலோடு, பல வருடங்களாக அவள் கேட்காத குரலில்: "அந்த ஸ்டேஷன் பதில் குடுக்கல சார். பதில் வராத நா எந்திரிக்க மாட்டேன். நீங்க யாரா இருந்தாலும் வெளிய போய் நில்லுங்க."

யாரோ சிரித்தார்கள். குழந்தை, "அந்தத் தாத்தா எப்ப விழுவாரு?" என்று கேட்டது.

நாகபூஷணம் போனுக்கு வந்தார். இப்போது குரலில் அடக்கம் இல்லை. "இன்னிக்கே கூட்டிக்கினு போய்டு. இனிமே இங்க சேர் கெடயாது. தெரிஞ்சிதா?"

"சரிங்க சார்," என்றாள் மோகனா.

போன் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மணி மறுபடி அடித்தது. மெல்லிய, அளவான ஓர் அடி. இடைவெளி விட்டு, இரண்டு. அந்தக் கையை அவளுக்குத் தெரியும். பாதை காலியா என்று நைனா கேட்கிறார். அவள் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். பதில் இல்லாத வரை அவர் எழுந்திருக்க மாட்டார்.

மணி திரும்பவும் கேட்டது. அவள் பதில் அடிக்கவில்லை.