மூன்றேகால் மணிப் புகை

செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும். மூன்றேகால் மணிக்கு.

மில்பிடாஸ் அலுவலகத்தில் நாகலக்ஷ்மி ஃபோனை மறுபடியும் பார்த்தாள். வீட்டுக் காற்றில் எவ்வளவு தூசும் புகையும் என்று காட்டும் கோடு நாள் முழுவதும் தரையோடு கிடந்தது. அந்த இரு நாட்களில் அந்த நேரத்துக்கு மட்டும் பனைமரம்போல் எழுந்து நின்றது.

காற்றைச் சுத்தம் செய்து, அந்தக் கோட்டையும் ஃபோனுக்கு அனுப்பும் ஏர் ப்யூரிஃபையர் வாங்கி மூன்று வாரம். அக்டோபரில் வடக்கே காடு எரிந்து அவர்கள் வீடிருந்த ஃப்ரீமான்ட் வரை புகை வந்தது. ஜன்னல்களை அடைத்தாள், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் ஃபில்டரை மாற்றினாள், ஊதுபத்தியை நிறுத்தினாள். எல்லாம் ஏழு வயது மகள் தீக்ஷாவின் மூச்சுக்காக. இரைப்பு அடங்கவில்லை. வீட்டுக்குள்ளேயே ஏதோ இருக்கிறது, கண்டுபிடிக்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

செவ்வாயும் வெள்ளியும் கணவன் பத்ரி வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்கள். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும் அவன்தான். போன மாதம் வரை அது திங்களும் வியாழனும். ஏன் மாற்றினாய் என்றதற்கு, டீம் மீட்டிங் என்றான்.

தீக்ஷா பிறந்தபோது சிகரெட்டை விட்டவன். விட்டதாகச் சொன்னவன்.

வியாழன் மாலை கேட்டுப் பார்த்தாள்.

"நாளைக்கு மூணு மணிக்கு என்ன பண்ணுவே?"

"தீக்ஷாவுக்கு ஸ்நாக்ஸ் குடுப்பேன். ஏன்?"

"என்ன ஸ்நாக்ஸ்?"

"ஆப்பிள். நீ என்ன இமிக்ரேஷன் ஆபீசரா, நாகு?"

ஆப்பிள் நறுக்கினால் புகை வராது. துவைக்கப் போடும் முன் அவன் சட்டையை முகர்ந்தாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததுதான் உறுத்தியது.

வெள்ளியன்று இரண்டரைக்கே கிளம்பினாள். காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்து, கராஜ் வழியாக ஓசையில்லாமல் உள்ளே நுழைந்தாள்.

முதலில் கண்ணில் பட்டது சமையலறைக் கூரையிலிருந்த ஸ்மோக் அலாரம். அதற்கு ஏதோ ஹோட்டலின் ஷவர் கேப் மாட்டியிருந்தது. கீழே தீக்ஷா கிழக்கு பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பத்ரி மூடிய கையால் அவள் தலையை மூன்று முறை சுற்றினான். பிறகு கையில் இருந்ததை அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த இரும்புக் கரண்டியில் போட்டான். மிளகாய், உப்பு, கடுகு. புகை எழுந்தது. இரண்டடி தள்ளி நின்ற ப்யூரிஃபையர் சிவப்பு விளக்குடன் உறுமியது.

"அம்மா? யூ ஆர் ஹோம் எர்லி," என்று தீக்ஷா இருமினாள்.

பத்ரி திரும்பினான். சிகரெட்டோடு பிடிபட்டிருந்தால்கூட முகம் அப்படி வெளுத்திருக்காது.

"எங்கம்மா ஊர்லேந்து சொன்னா. செவ்வாய் வெள்ளி சுத்திப் போடுன்னு. சிரிக்காதே."

"சிரிக்கலை. எத்தனாவது தடவை?"

"ஆறு." குரல் தாழ்ந்தது. "நெடியே வரமாட்டேங்கறது, நாகு. நெடி வரலேன்னா திருஷ்டி அவ்வளவு இருக்குன்னு அர்த்தம். மூணு மிளகாய்ல ஆரம்பிச்சேன். இன்னிக்கு பதினொண்ணு."

அவள் இயந்திரத்தைப் பார்த்தாள். அடுப்புக்கு மேலே புகையை இழுத்துக்கொண்டிருந்த விசிறியையும் பார்த்தாள். பிறகு ஃபோனை. வெளியே தூசு அளவு நாற்பது. உள்ளே நூற்றெண்பது.

"தீக்ஷா, இன்ஹேலரை எடுத்துண்டு பேக்யார்டுக்குப் போ."

"பட் யூ செட் அவுட்சைட் இஸ் பேட்."

"இன்னிக்கு இங்கதான் பேட்."

கதவு சாத்தியதும் ப்யூரிஃபையரின் பிளக்கைப் பிடுங்கினாள். விசிறியை அணைத்தாள். கரண்டியை ஸிங்க்கில் கொட்டிக் கழுவி அடுப்பில் வைத்தாள்.

"இப்போ போடு. மூணே மூணு."

போட்டான். ஒன்றும் வரவில்லை. அந்தச் சில விநாடிகள் அவளும் பயந்துதான் நின்றாள். அது அவளுக்கே பிடிக்கவில்லை.

பிறகு நெடி தொண்டையைப் பிடித்தது. இருவரும் மேடையைப் பற்றிக்கொண்டு குனிந்து இருமினார்கள்.

"வரது," என்றான் பத்ரி, கண்ணில் நீர் வழிய. "வரது, நாகு."

"இத்தனை நாளும் வந்தது. பாதியை மிஷின் தின்னுடுத்து. மீதியை அவ தின்னா."

அவன் போய் எல்லா ஜன்னல்களையும் திறந்தான்.

அடுத்த செவ்வாய் மூன்றேகாலுக்குக் கோடு தரையோடு கிடந்தது. மூன்று முறை பார்த்தாள். வீட்டுக்கு ஃபோன் செய்தாள்.

"மிஷின் ஆன்லதானே இருக்கு?"

"ஆன்லதான் இருக்கு, ஆபீசர்."

"பிளக்?"

"சொருகித்தான் இருக்கு."

"அவகிட்ட குடு."

தீக்ஷா எங்கிருந்தோ ஓடி வந்து ஃபோனை வாங்கினாள். நாகலக்ஷ்மி எதுவும் பேசாமல் அந்த மூச்சைக் கேட்டாள். வேகமாக வந்தது. இரைப்பு இல்லை.

"அம்மா? ஆர் யூ தேர்?"

இன்னும் நாலைந்து மூச்சு கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள்.