ரெண்டு பொட்டி போதும்

சூலியா தெருவில் ஸ்பீக்கர் கடை வைத்திருக்கும் மீரா சாகிப்பிடம் முன்பெல்லாம் சரவுண்ட் சவுண்ட் என்று வாயைத் திறந்தால் போதும், பிடித்துக்கொள்வார். படம் பார்க்க அஞ்சு ஸ்பீக்கர் பொட்டி, தலைக்குப் பின்னால் ஹெலிகாப்டர், எல்லாம் பூச்சாண்டி லா என்பார். ஆண்டவன் கொடுத்தது ரெண்டு காது, ஸ்டீரியோவுக்கு ரெண்டு பொட்டி போதும். வீடு வீடாகப் போய்ப் பொட்டிகளை வைத்துவிட்டு, நடு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, வருகிற குரலை வைத்தே பாடுகிற ஆள் எங்கே நிற்கிறார் என்று விரலால் காட்டுவார். அந்த விரலைப் பார்க்கவே ஆட்கள் தேடி வந்தார்கள்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் இந்த வருஷம் கட்சி மாறிவிட்டார். சரவுண்டே போடுங்க, நடுவில் மைக்கை வைத்தால் மிஷினே அளந்து சரிபண்ணிக்கும் என்கிறார். கூடவே போய் ஒயர் இழுக்கிற மனைவி சபூராவுக்கு இது விளங்கவில்லை. விசாரிக்கிற மனநிலையிலா இருந்தாள் அவள்? வீட்டில் துணிப்பை கட்டியாயிற்று. நாளைக்குத் தைப்பிங்கில் அக்கா வீட்டுக்குப் பஸ்.

எல்லாம் பொட்டி ஏற்றிப் போகிற அந்தக் காடியில் வந்த வினை. அவர் வலப்பக்கம் ஓட்டுவார், இவள் இடப்பக்கம் உட்கார்ந்து பேசுவாள். மாசக்கணக்காக ஒரு வார்த்தை பதில் கிடையாது. கடையில் எதிரே நின்று கேட்டால் மட்டும் ஒழுங்காக வாய் திறப்பார். கடைசியில், போன வெள்ளிக்கிழமை ஜெலுத்தோங் பக்கம் போகும்போது, பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டாள். என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, நான் அக்கா வீட்டோட போயிடறேன், முடிச்சுக்கலாமா? பாவி மனுஷன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார். இத்தனை வருஷம் குப்பை கொட்டியதற்கு ஒரு தலையாட்டல்.

இன்றைக்குத் தஞ்சோங் தோக்கோங்கில் சுபாஷினி டீச்சர் வீட்டில் வேலை. ஒத்துக்கொண்ட வேலை, அதை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் சபூரா வந்திருந்தாள். டீச்சரின் கணவருக்குப் படம் பார்க்க சரவுண்ட் வேணும், டீச்சருக்குப் பாட்டுக் கேட்க ஸ்டீரியோ வேணும். மீரா சாகிப், வீட்டில் இல்லாத அந்தக் கணவருக்காக வரிந்துகட்டிக்கொண்டு பேசினார். டீச்சர் மசியவில்லை. நீங்க உட்கார்ந்து விரல் காட்டுங்கண்ணே, அப்புறம் முடிவு பண்ணலாம் என்றுவிட்டாள். வேறு வழியில்லாமல் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

சபூரா வலது பொட்டிக்கு ஒயர் மாட்டிவிட்டு இடதுக்குக் குனிந்தாள். அதற்குள் டீச்சர் பாட்டைப் போட்டுவிட்டாள். குரல் முழுக்க வலது மூலையிலிருந்து வந்தது. மீரா சாகிப் விரலை உயர்த்தி நேர் நடுவைக் காட்டினார்.

"பாத்தீங்களா தங்கச்சி, நட்ட நடுவுல நிக்கிறா."

டீச்சர் பாட்டை நிறுத்திவிட்டுச் சபூராவைப் பார்த்தாள். மாட்டாத ஒயர் சபூராவின் கையிலேயே இருந்தது. அவள் எழுந்து அவருக்கு இடப்பக்கம் போய் நின்று, மெதுவாக, என்னங்க என்றாள். அசைவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். கண்ணை மூடியபடி அடுத்த பாட்டுக்குக் காத்திருந்தார் மனுஷன். தோளைத் தொட்டபோதுதான் விழித்தார். ஒயரைப் பார்த்ததும் விரல் தானாக இறங்கியது.

டீச்சர் நல்ல பெண். தே கலக்கிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

"எப்பலேர்ந்து?"

"நோன்பு மாசத்துலேர்ந்து. காலைல எந்திரிச்சேன், இந்தப் பக்கக் காது சுத்தமா கேக்கல. டாக்டர்கிட்ட லேட்டாத்தான் போனேன், இனி திரும்பாதுன்னுட்டார். காது போனவன்கிட்ட எவன் ஸ்பீக்கர் வாங்குவான்?"

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

அவளுக்கு அழுகையும் வந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றும் வந்தது. காடியில் நான் பேசினதெல்லாம் என்னவாயிற்று என்று கேட்டாள். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் விழாது, உன் வாயசைவது ஓரக்கண்ணில் தெரிந்தால் தலையாட்டிவிடுவேன், நீ நல்லதுதானே சொல்வாய் என்றார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துக் கலவரமாகி, "எதுக்குத் தலையாட்டினேன்?" என்றார்.

சபூரா சுற்றிக்கொண்டு அவருடைய வலப்பக்கம் போய் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். துணிப்பையையும் சொன்னாள், நாளைய பஸ்ஸையும் சொன்னாள்.

மீரா சாகிப் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு நீ போயிருந்தா, காது போனது எப்படியோ தெரிஞ்சுபோச்சு, அதான் விட்டுட்டுப் போயிட்டன்னு நெனச்சிருப்பேன் சபூரா. கூப்பிடக்கூட வந்திருக்க மாட்டேன்."