துலிஸ் வீட்டுக் கதவு

எனெய்தாவுக்கு வைராக்கியம் அதிகம். பதினொரு வருஷமாகத் துலிஸின் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. துப்பாக்கிக்காரர்கள் ஊருக்குள் புகுந்த விடியலில், குண்டடிபட்ட புருஷன் ராஃபாவைத் தாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவு திறக்கவில்லை. வாசலிலேயே ராஃபாவின் உயிர் போனது. அது துலிஸின் வீடு.

ஊரைவிட்டு ஓடிவந்தபின், இப்போது கார்த்தஹேனா நகரத்து ரோட்டோரக் குடியிருப்பில் இருவரும் ஒரே தையல் பட்டறையில் உட்கார வேண்டியிருந்தது. விட்டுவந்த ஊரைத் துணியில் தைத்தால் மனப்பாரம் குறையும் என்று மார்லெனி டீச்சர் கூட்டிய பட்டறை. அவரவர் வீட்டை அவரவர் ஒரு துண்டில் தைக்க வேண்டும். துண்டுகளை ஒரே விரிப்பாக இணைப்பது எனெய்தாவின் வேலை. அவள் தையல்தான் நேர்த்தி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் முன்னால் அதைத் தொங்கவிட ஏற்பாடு.

"அவ வீட்டை என் வீட்டுப் பக்கத்துல வைக்க மாட்டேன் டீச்சர். வேணும்னா என் வீட்டைக் கழட்டிருங்க."

"ஊர்ல பக்கத்துலதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு. என் தலையெழுத்து!"

துலிஸ் தன் துண்டை மேசைமேல் வைத்துவிட்டுக் காபி போடப் போனாள். ஊமைக் கோட்டான்!

எனெய்தா அதை எடுத்துப் பார்த்தாள். நாலு பக்கமும் நெருக்கித் தைத்த பழுப்புக் கதவு. "கதவை மூட மட்டும் நல்லாத் தெரியுது மகராசிக்கு" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. விரல் பட்ட இடத்தில் கதவுக்கு அடியில் ஏதோ தடித்தது. அடுத்தவள் தையலைப் பிரிக்கக் கூடாது என்பது பட்டறைச் சட்டம். சட்டமாவது மண்ணாவது! ஒரு பக்கத்தை விட்டு மற்ற மூன்றையும் பிரித்தாள்.

உள்ளே, கதவோடு ஒட்டி நின்றாள் துணியில் தைத்த ஒரு பெண். இடுப்பில் குழந்தை. அவள் கை குழந்தையின் வாயைப் பொத்தியிருந்தது. குழந்தைக்கு மஞ்சள் சட்டை. அந்த மஞ்சள் துணி எனெய்தா வாங்கியது. துலிஸின் மகன் யெய்சனுக்கு ஞானஸ்நானத்தன்று, ஞானத்தாயாக அவளே போட்டுவிட்ட சட்டை. அந்த யெய்சன் இன்றும் அவளைத் தெருவில் பார்த்தால் சைக்கிளை நிறுத்தி ஆசி கேட்கிறவன்.

காபியோடு வந்த துலிஸ் அப்படியே நின்றுவிட்டாள்.

"அழுதானா?" என்று கேட்டாள் எனெய்தா.

"உன் குரல் கேட்டதும், உன்கிட்ட வரணும்னு அழுதான். தெரு முழுக்க அவனுங்க நின்னானுங்க."

எனெய்தாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "பதினொரு வருஷமாச்சே, சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல, பாவி!"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்ல? ராஃபா செத்தது செத்ததுதானே."

எனெய்தா மூக்கைச் சிந்தினாள். துலிஸின் வீட்டைத் தன் வீட்டுப் பக்கத்தில் வைத்து, ஊசியில் நூல் கோத்தாள்.

"கதவு மூணு பக்கமும் பிரிஞ்சு கிடக்கே" என்றாள் துலிஸ்.

"கிடக்கட்டும்."