கூரை மூடிய மாதங்கள்

பெய்ரூட்டின் புர்ஜ் ஹம்மூதில், ஆற்றுப் பாலத்தை ஒட்டிய சந்தில் என் பட்டறை. முப்பது வருடங்களாக சைலன்சர் வேலை. டாக்ஸி, லாரி, ஜெனரேட்டர் என்று எது உறுமினாலும் என்னிடம் வரும். இத்தனை வருடத்தில் நான் செய்த தவறுகள் நிறைய. ஆனால் டாக்டர் வதீஹ் விஷயத்தில் செய்ததை மட்டும் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

டாக்டர் வதீஹ் பல் மருத்துவர். எழுபத்து மூன்று வயது. நான்கு வருடங்களுக்கு முன் கிளினிக்கை மூடிவிட்டார். அவரிடம் ஒரு சிவப்பு இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. இரண்டே இருக்கை, மடக்கும் கேன்வாஸ் கூரை, என்னைவிட ஒரு வயது இளையது. தினமும் காலையில் அதை எடுத்துக்கொண்டு, நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து, கடற்கரைக் காப்பிக்கடைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி ஒதெத்தோடு மலை ஏறி, பிக்ஃபாயாவில் இருக்கும் ஒதெத்தின் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. கோடையில் கூரை திறந்திருக்கும். நவம்பரில் மழை தொடங்கினால் ஏப்ரல் வரை மூடியேதான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தக் கார் இழுவை வண்டியின் முதுகில் வந்தது. டாக்டர் வரவில்லை. ஒதெத் மேடம் மட்டும் இறங்கினார். காரின் பின்பக்க சைலன்சர் ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மிஹ்ரான், சத்தம் நின்னா போதும். அழகெல்லாம் வேண்டாம். சனிக்கிழமை ஒருத்தர் வந்து பார்க்கிறார்."

"எதுக்குப் பார்க்கிறார்?"

"வாங்கத்தான்."

நான் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தேன். "டாக்டரா விக்கச் சொன்னார்?"

"அவரைக் கேட்கிற நிலைமையிலயா இருக்கோம்?" என்று சொல்லிவிட்டு, அழுதுவிடக் கூடாது என்பதுபோல என் சுவரில் மாட்டியிருந்த குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவராகவே சொன்னார். "போன புதன்கிழமை தனியா பிக்ஃபாயா போனார், என் அக்காவுக்கு மருந்து குடுக்க. திரும்பி வரலை. ராணுவச் சாவடியில இருந்து போன் வருது. காரை நடைபாதை மேல ஏத்திட்டு உள்ளேயே உக்காந்திருக்கார். வீடு எங்கேன்னு கேட்டா, மூடிப்போன கிளினிக் விலாசத்தைச் சொல்லியிருக்கார்."

"அல்லா..."

"டிசம்பர்லேர்ந்தே இப்படித்தான். பேசிட்டிருக்கும்போதே வார்த்தை கிடைக்காம நிப்பார். மலையிலேர்ந்து வந்தா சோஃபாவுல சுருண்டுடுவார். எங்க பொண்ணு லமியா மான்ட்ரியலிலேர்ந்து ஓடி வந்திருக்கா. அடுத்த வாரம் மூளை டாக்டர். அவ ஏற்கனவே ரெண்டு மூணு முதியோர் இல்லம் போய்ப் பார்த்துட்டா."

"நீங்க எப்படி இருக்கீங்க, மேடம்?"

"எனக்கென்ன. சின்ன வயசுல விட்டுப்போன ஒத்தைத் தலைவலி திரும்பி வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை ஆனா மண்டை பிளக்குது. எல்லாம் இவர் கவலைதான்."

ஆறுதலாக ஏதோ சொல்லி, டாக்ஸி பிடித்து அனுப்பி வைத்தேன். அவர் சொன்னது காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

காரை லிஃப்டில் ஏற்றினேன். நடைபாதை விளிம்பில் இடித்துப் பின்பக்கக் குழாய் கிழிந்திருந்தது; அது ஒரு மணி நேர வேலை. பழக்கதோஷத்தில் விளக்கை முன்பக்கம் கொண்டுபோனேன். எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டின் அடியில் விரல் நீளத்துக்குக் கரி படிந்திருந்தது. துடைத்துப் பார்த்தேன். தலைமுடி போல ஒரு விரிசல். கரியின் தடத்தைப் பின்தொடர்ந்தால், அது கியர் கம்பியின் அடிவரை போயிருந்தது. அங்கே இருக்க வேண்டிய ரப்பர் உறை கிழிந்து, ஓட்டை வழியாக இருக்கையின் தோல் தெரிந்தது.

பிறகுதான் இல்லாத ஒன்றைப் பார்த்தேன். முன் குழாயை கியர் பெட்டியோடு பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டை அங்கே இல்லை.

அதைக் கழற்றியவன் நான். அக்டோபரில் கேஸ்கெட் மாற்ற டாக்டர் வந்தபோது, துருப்பிடித்த பட்டை கையோடு வந்தது. பழைய இரும்புக் கூடையில் போட்டேன். அடுத்த தடவை வரும்போது புதிதாகச் செய்து மாட்டலாம் என்று நினைத்தேன். குழாயின் மொத்தப் பாரமும் நான்கு மாதம் மேனிஃபோல்டில் தொங்கியிருக்கிறது. வார்ப்பிரும்பு எவ்வளவுதான் தாங்கும்?

அவர் அடுத்த தடவை வரவும் செய்தார். நவம்பரில். நான் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"மிஹ்ரான், காலையில ஸ்டார்ட் பண்ணினா டக் டக்னு ஒரு சத்தம் வருது. கொஞ்ச தூரம் போனா நின்னுடுது."

"டாக்டர், காலையில எந்திரிச்சா உங்க முட்டி டக் டக்னு சொல்றதில்லையா? நடந்தா சரியாப் போகுதுல்ல? அதுக்கும் உங்களை மாதிரி வயசாகுது."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் எழுந்துகூடப் பார்க்கவில்லை. குளிர்ந்த இரும்பில் விரிசல் திறந்திருக்கும், சூடானால் இரும்பு விரிந்து அது மூடிக்கொள்ள, சத்தம் அடங்கும் என்பது இந்தத் தொழிலில் முதல் மாதமே தெரியும் விஷயம். சத்தம்தான் அடங்கும். புகை அடங்காது.

சந்தேகம் தீர வேண்டியிருந்தது. எதிர்க்கடையில் வாட்டர் ஹீட்டர் விற்கும் அபூ நதீமிடம், விஷவாயு வந்தால் கத்தும் சின்னக் கருவி ஒன்று உண்டு. வாங்கி வந்தேன். பின்குழாயைத் தற்காலிகமாக ஒட்டவைத்து, காரை வெளியே தள்ளி, கூரையை மூடி, கருவியை டாக்டரின் இருக்கையில் வைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டேன். பன்னிரண்டு நிமிடத்தில் அது அலறத் தொடங்கியது. அபூ நதீம் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு வண்டிடா அது? சவப்பெட்டிக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கு!"

என் முகத்தைப் பார்த்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார்.

உண்மையைச் சொல்கிறேன். வாயை மூடிக்கொள்ள எனக்கும் தோன்றியது. விரிசலை ஒட்டவைத்து, உறையை மாற்றி, சனிக்கிழமை கார் கைமாறிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. என் பெயரும் கெடாது. ஆனால் கார்தான் போய்விடும்; டாக்டர் என்ன ஆவார்? இல்லாத நோய்க்கு மாத்திரை தின்றுகொண்டு ஏதோ ஓர் இல்லத்து ஜன்னலோரம் அவரை உட்கார வைத்துவிடுவார்கள். பட்டறையை அப்படியே பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அஷ்ரஃபியாவில் அவர்கள் வீட்டுக் கட்டடத்தில் மின்சாரம் இல்லை. ஐந்து மாடி ஏறினேன். கதவைத் திறந்தது லமியா. டாக்டர் கம்பளிப் போர்வையோடு சோஃபாவில் இருந்தார்.

"வாப்பா. என் கார் பிழைக்குமா?"

"டாக்டர், முதல்ல நீங்க இதைக் கேக்கணும்." நான் உட்காரவில்லை. பட்டை, விரிசல், கிழிந்த உறை, அலறிய கருவி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். "அந்தப் புகையில இருக்கிற விஷவாயுவுக்கு வாசனை இல்லை. மூணு மாசமா தினமும் அதைத்தான் சுவாசிச்சிருக்கீங்க. மேடத்துக்கு ஞாயித்துக்கிழமை மட்டும். தப்பு என்னோடது."

ஒதெத் மேடம் நெற்றியில் கை வைத்தார். லமியாவின் முகம் வெளுத்துச் சிவந்தது.

"அப்பாவும் அம்மாவும் செத்திருப்பாங்க. தெரியுதா உங்களுக்கு? ஒரு வளைவுல கண்ணசந்திருந்தா போதும், பள்ளத்துல கிடந்திருப்பாங்க!"

"தெரியும்மா."

"இங்க வந்து சொல்லிட்டா சரியாயிடுமா?"

"ஆகாது. அதனாலதான் மூளை டாக்டர்கிட்டப் போறதுக்கு முன்னாடி சொல்ல வந்தேன்."

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அதற்குள் டாக்டர் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து நின்றார்.

"அப்போ எனக்குப் புத்தி பேதலிக்கலையா?"

"எனக்குத் தெரியாது, டாக்டர். நான் குழாய் வேலைக்காரன். ஆனா அந்தப் புகையில எந்த வாலிபன் உக்காந்தாலும் வீட்டு விலாசம் மறந்துபோகும்."

அவர் மெல்ல உட்கார்ந்தார். "நான் சொன்னேன், ஒதெத்," என்றார். "இவன்கிட்ட சத்தம் வருதுன்னு சொன்னேன். உன்கிட்ட தலை சுத்துதுன்னு சொன்னேன். ரெண்டு பேரும் எனக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னீங்க." கோபம் இல்லை அந்தக் குரலில். அதுதான் தாங்க முடியவில்லை. ஒதெத் மேடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான் விடைபெற்று இருட்டுப் படிகளில் இறங்கினேன்.

மூளை மருத்துவர் முழுக் கதையையும் கேட்டாராம். இத்தனை நாள் கழித்து ரத்தத்தில் எதுவும் தெரியாது, ஒன்றும் முடிவு சொல்ல முடியாது. இரண்டு மாதம் அந்தக் கார் பக்கம் போகாமல் இருக்கட்டும், பிறகு பார்ப்போம் என்றாராம். லமியா இல்லங்களுக்குப் போன் செய்து வேண்டாமென்று சொல்லிவிட்டாள். சனிக்கிழமை வர வேண்டியவரையும் டாக்டரே போனில் அழைத்து, கார் விற்பனைக்கு இல்லை என்றார். அவர் பேச்சில் ஒரு வார்த்தைகூட இடறவில்லை என்று மேடம் எனக்குச் சொன்னார். ஒரு வாரத்தில் மேடத்தின் தலைவலி நின்றுவிட்டது.

"காரை நீயே சரி பண்ணு," என்று டாக்டர் சொல்லியனுப்பினார். "வேற எவனும் தொடக் கூடாது."

அவசரப்படவில்லை. மேனிஃபோல்டைக் கழற்றி, விரிசலின் இரு முனையிலும் ஓட்டை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தினேன். அடுப்பில் வைத்துச் சூடாக்கி, நிக்கல் கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாக வெல்டிங் வைத்தேன். சட்டென்று ஆறினால் வார்ப்பிரும்பு மறுபடி பிளக்கும். மணலில் புதைத்து ஒரு நாள் முழுக்க ஆறவிட்டேன். முன் குழாய்க்குத் தடித்த தகட்டில் புதுப் பட்டை செய்தேன். கியர் கம்பிக்குப் புது உறை. பின்பக்க சைலன்சரையும் புதிதாகவே மாட்டினேன். அபூ நதீமின் கருவியை உள்ளே வைத்து, கூரையை மூடி, ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, நானும் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். அது வாய் திறக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் இருவரும் காரை எடுக்க வந்தார்கள். டாக்டர் கொஞ்சம் இளைத்திருந்தார். மருத்துவர் வைத்த ஞாபகச் சோதனைகளில் முக்கால்வாசி தேறிவிட்டாராம். மீதிக்கு இன்னும் ஆறு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். கடிகாரம் வரையச் சொன்னபோது ரோமன் எண்களில் வரைந்து காட்டினாராம். கொஞ்ச நாளைக்கு மேடம்தான் ஓட்ட வேண்டும் என்பது லமியாவின் நிபந்தனை. டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்து இருக்கையில் ஏறினார். மேடம் சாவியைத் திருப்பினார். டாக்டர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, குளிர்ந்த எஞ்சினின் சத்தத்தைக் கடைசி வரை கேட்டார்.

"டக் டக் இல்லை," என்றார். "நல்லா பண்ணியிருக்கே, வாஹான்."

வாஹான் என் தம்பி. பத்து வருடம் என்னோடு வேலை பார்த்துவிட்டு அர்மீனியாவுக்குப் போய்விட்டான். மேடம் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

டாக்டர் கண்ணைத் திறந்தார். "ரெண்டு பேரும் அப்படிப் பார்த்துக்காதீங்க. இவனையும் இவன் தம்பியையும் நான் எந்தக் காலத்துல சரியாக் கூப்பிட்டிருக்கேன்?"

உண்மைதான். அந்தக் காலத்திலும் அவர் எங்களை மாற்றி மாற்றித்தான் கூப்பிடுவார். மேடம் கூரையைத் திறந்து மடக்கச் சொன்னார். மடக்கிக் கொடுத்தேன். கார் சந்து முனையைத் தாண்டி மலைச்சாலைப் பக்கம் திரும்பும்வரை வாசலிலேயே நின்றிருந்தேன்.